வெறும் போசி திரும்பக் கூடாது

ரத்தசோகைக்கு அறிகுறிகள் ஏழு என்று பேராசிரியை பலகையில் எழுதிப்போட்டிருந்தார். இலக்கியா ஆறாவது வரைக்கும் நோட்டில் எழுதினாள். ஏழாவதை எழுதவில்லை, செய்தே காட்டிவிட்டாள்.

பெஞ்சிலிருந்து சரிந்து, முன்வரிசைப் பெண்ணின் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். உணவியல் இரண்டாம் ஆண்டு வகுப்பு முழுக்க வேடிக்கை பார்த்தது. பாடத்தில் இதுவும் ஒரு பகுதி போல என்று கடைசி வரிசையில் இரண்டு பேர் குறிப்புகூட எடுத்தார்கள்.

கல்லூரியின் முதலுதவி அறையில் நர்ஸ் அவள் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டரை. பன்னெண்டு இருக்கணும். தினமும் என்னம்மா சாப்பிடறே?"

"காலைல டீ பன்னுங்க. மத்தியானம் தள்ளுவண்டியில லெமன் சாதமுங்க. ராத்திரி நூடுல்ஸுங்க."

"என்ன படிக்கறே?"

"உணவியலுங்க."

நர்ஸ் ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். 

சேதி மேச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் அப்பா செங்கோடன் ஆடு ஏற்றும் வண்டியோடு திருச்செங்கோடு வந்துவிட்டார். செங்கோடனுக்கு ஆட்டு வியாபாரம். முப்பது வருஷமாகச் சந்தை சந்தையாகப் போய் ஆடு பிடிக்கிறவர். எட்டரை, பன்னிரண்டு என்று சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை. மகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, முகவாயைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஆட்டுக்கு அப்படித்தான் பார்ப்பார். உள் இமை சிவப்பாக இருந்தால் காசு கொடுக்கலாம், வெளுத்திருந்தால் அடுத்த ஆடு.

"சுண்ணாம்பு அடிச்சாப்பல கெடக்குது. சந்தையில இப்படி ஒரு உருப்படி நின்னா நான் வெலைகூடக் கேக்க மாட்டேன்."

"அப்பா! நான் ஆடுங்களா?"

"ஆடா இருந்தா எம்மட பட்டியில இருந்திருக்கும், இந்தக் கதி வந்திருக்காது. பொட்டியைக் கட்டு சாமி. படிச்ச வரைக்கும் போதும். மருதாசலம் அவிய பையனுக்கு நாலு தரம் ஆள் அனுப்பிப் பொண்ணு கேட்டாச்சு."

இலக்கியா அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் சவால் விட்டாள்.

"ஒரு மாசம் டைம் குடுங்க. சோத்துக்கு நீங்க குடுக்கற அதே ஆயிரத்து ஐநூறுலயே சத்தா சாப்பிட்டு இமையைச் செவக்க வெச்சுக் காட்டறேன். இதைத்தானுங்கப்பா படிக்கறேன் நானு!"

செங்கோடன் விரல் விட்டு எண்ணினார். ஒரு மாசம் என்பது ஆட்டு வியாபாரிக்குப் புரிகிற கணக்கு. சோப்பலான, நோஞ்சான் ஆட்டையும் ஒரு மாசம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கழிப்பார்கள்.

"சரி. அடுத்த மாசம் இதே தேதி வாரேன். இமை செவந்திருந்தாப் படி. வெளுத்திருந்தா வண்டியில ஏறு, பேச்சே இல்லை."

அன்றைக்கே நோட்டுப் போட்டாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'இரும்புச் சத்துத் திட்டம்'. ராகி, கம்பு, கொள்ளு, கறுப்பு எள், நிலக்கடலை, வெல்லம். முருங்கைக் கீரைக்குக் காசே வேண்டாம், வாசலிலேயே மரம் நிற்கிறது. வீட்டுக்காரம்மா வசந்தாமணி, "எத்தனை வேணுமோ ஒடிச்சுக்க சாமி" என்று சொல்லியிருந்தார். கீழ் வீடு அவர்களுடையது. மாடியில் ஒற்றை அறை. அதில் இலக்கியாவும், ஆத்தூரிலிருந்து வந்து கணினி படிக்கிற மைதிலியும்.

அந்த முருங்கை மரத்தடியில் ஒரு செம்மறிக் கிடாயும் கட்டியிருந்தது. கருப்பணாருக்கு நேர்ந்து விட்டது. நேர்ந்து விட்டார்களே ஒழிய, வாங்கின இடத்தில் எவனோ ஏமாற்றியிருக்கிறான். விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். தீவனம் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'கருப்பணாரே பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிருவாரு' என்று வீட்டுக்காரர் சென்னிமலை அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார். கிடாய் வெட்டுகிற கோயில் நோன்பு வர இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

திட்டத்தின் முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. ராகி மாவை வறுத்து, எள்ளும் வெல்லமும் இடித்துப் போட்டு, பதினைந்து உருண்டை பிடித்து டப்பாவில் அடுக்கினாள். ஒரு வாரத்துக்கு ஆகும்.

இரண்டாம் நாள் காலையில் கீழ் வீட்டில் பாத்திரம் விளக்குகிற சாலம்மாள் படியேறி வந்தாள். கையில் ஒரு கிண்ணம், அதில் ஆறு கச்சாயம்.

"அம்மா குடுத்தாங்க சாமி. புள்ளை மயங்கி உழுந்துருச்சாமா, பாவம், தின்னட்டும்னாங்க."

மாவும் வெல்லமும் எண்ணெயில் வெந்த வாசனை அறை முழுக்க அடித்தது. இலக்கியா திட்டத்தை நினைத்தாள், கச்சாயத்தைப் பார்த்தாள். நாலு தின்றாள். மைதிலிக்கு இரண்டு.

அப்புறம்தான் கிண்ணம் கண்ணில் பட்டது.

"இதை வெறுமனே எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"கழுவிட்டுத் திருப்பிக் குடு," என்றாள் மைதிலி.

"அடிப்பாவி! வந்த போசியை வெறும் போசியாத் திருப்பிக் குடுத்தா அந்த ஊடு வெளங்குமா? எங்கம்மா கேட்டா வெளக்குமாத்தைத் தூக்கிருவாங்க."

கிண்ணத்தில் நாலு ராகி உருண்டையை வைத்துக் கொடுத்தனுப்பினாள். கடன் தீர்ந்தது என்று நிம்மதியாகக் கல்லூரிக்குப் போனாள்.

மறுநாள் சாலம்மாள் மறுபடியும் வந்தாள். கிண்ணம் இல்லை, இந்தத் தடவை தூக்குப்போசி. திறந்தால் அடியில் ஐந்து முறுக்கு.

"உன்ற உருண்டை ரொம்ப இஷ்டமாயிருச்சு சாமி. வெச்ச சுருக்குல காலி. ஒரு பருக்கை மிச்சமில்லை."

"நெசமாவா?"

"கிண்ணத்தையே நக்கி வெச்சிருந்துச்சுன்னாப் பாத்துக்க!" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

இலக்கியாவுக்கு உச்சி குளிர்ந்தது. சமைத்த பண்டத்தை அவள் வீட்டிலேயே யாரும் இதுவரை புகழ்ந்ததில்லை. யார் அப்படி விரும்பிச் சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தாள். வசந்தாமணி ஆட்டம் கண்ட பல்லுக்காரர், உருண்டை கடிக்க மாட்டார். ஆக, சென்னிமலைதான். அவருக்குச் சர்க்கரை வியாதி. ராகி பிடிக்காமல் என்ன செய்யும்?

"மைதிலி, எனக்கு முதல் பேஷண்ட் கெடைச்சாச்சுடி."

"முதல்ல நீ பேஷண்டு. அதை ஞாபகம் வெச்சுக்க."

தூக்குப்போசி பெரிது. நாலு உருண்டை அதன் அடியில் காணாமல் போனது. மானமாக இருக்க வேண்டாமா? டப்பாவிலிருந்த மிச்சம் உருண்டை அத்தனையும் உள்ளே போயிற்று. இரவுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே, நோட்டில் 'ராகி உருண்டை' என்று எழுதி, பக்கத்தில் 'அனுப்பியது' என்று ஒரு புதுப் பத்திக்குக் கோடு கிழித்தாள்.

அதோடு தொடங்கியது.

இவள் கொள்ளும் கறிவேப்பிலையும் அரைத்து அனுப்பினால் அங்கிருந்து மைதா போண்டா வரும். நிலக்கடலை, கம்பு, கீரை எல்லாம் போட்டுக் களி கிண்டி அனுப்பினால் ரவா லட்டு வரும். கீழே இருந்து வருகிற பாத்திரம் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றுப் பெரிதாகிக்கொண்டே வந்தது. உள்ளே இருக்கிற பண்டம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. பத்தாம் நாள் ஒரு குண்டான் வந்தது. சாலம்மாள் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. மூடியைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தால், அடியில் இரண்டு முறுக்கு.

"இவ்வளவு பெரிய குண்டானுல ரெண்டு முறுக்காடி?" என்றாள் மைதிலி.

"வேற போசி எச்சிலா இருந்திருக்கும்."

"நீ இதை ரொப்பியா அனுப்பப் போற?"

"பாதியாவது வேண்டாமா? மருவாதைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

பாதிக் குண்டான் களிக்கு ஒரு கிலோ ராகி பிடித்தது. பானையில் ஒட்டிக்கொண்டதை வழித்து இலக்கியா தின்றாள். அதுதான் அன்றைக்கு அவள் வயிற்றுக்குள் போன இரும்புச் சத்து.

இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று பன்னிரண்டாம் நாள் முடிவு செய்தாள். ஆனால் நல்ல மனுஷியை மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்ல முடியுமா? சாப்பிட முடியாத மாதிரி ஒன்றைச் செய்து அனுப்பினால் அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள். உப்பில்லை, வெல்லமில்லை, ஊற வைத்த வெந்தயம், பச்சையாக முருங்கைக் கீரை, வேகாத கொள்ளு. ஒரு வாய் வைத்துப் பார்த்த மைதிலி அப்படியே பாத்ரூமுக்கு ஓடினாள்.

"நல்லா இருக்குது! இது போதும்," என்று இலக்கியா மூடி போட்டு அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் வசந்தாமணியின் குரல் படிக்கட்டின் அடியிலிருந்து கேட்டது.

"சாமீ! இன்னைக்கு என்னத்தைப் போட்டுச் செஞ்சே? இதுவரைக்கும் அனுப்புனதுலயே இதுதான் சாமி ஒசத்தி! இன்னமே இப்படியே செய்யி, என்ன?"

இலக்கியா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மயக்கமா, வியப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தப் பெரியவர் மனுஷனே இல்லடி," என்றாள் மைதிலி வாயைத் துடைத்துக்கொண்டு. "அதுவுமில்லாம நேத்து சாயங்காலம் அவரைப் பேக்கரியில பார்த்தேன். முட்டை பப்ஸ் ரெண்டு."

"பழைய பழக்கம் உடனே போயிருமா? மெல்லத்தான் போகும். காலைல என்ன வேகமா நடக்கறாருன்னு பாத்தியா? எல்லாம் என்ற கொள்ளு."

அவர் அந்த வேகத்தில் நடந்தது பேக்கரி திறக்கிற நேரத்துக்கு என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்து முட்டை. நாமக்கல் பக்கம் முட்டைக்கா பஞ்சம்? மொத்தக் கடையில் உடைசல் முட்டையைப் பாதி விலைக்குத் தள்ளுவார்கள். ஒரு அட்டை வாங்கி வந்தாள். ஐந்தே ஐந்து முட்டையை வேக வைத்து அனுப்பினால் குண்டான் நிறையாவிட்டாலும் மரியாதை நிறையும், மிச்சம் தனக்கு ஆகும் என்பது யோசனை. முட்டை அப்படியே ஐந்தும் திரும்பி வந்தது.

"முட்டை மட்டும் வேண்டாமுன்னுட்டாங்க சாமி," என்றாள் சாலம்மாள். "நோம்பி முடியற வரைக்கும் சுத்தபத்தமா இருக்கறாங்களாமா. அந்தக் களியே போடச் சொன்னாங்க. கீரை தூக்கலா."

அன்று சாயங்காலம் கீழ் வீட்டு ஜன்னலிலிருந்து ஆம்லெட் வாசனை வந்ததை மைதிலி சுட்டிக்காட்டினாள். பக்கத்து வீடாக இருக்கும் என்று இலக்கியா தள்ளிவிட்டாள். ஒரு நோயாளியை நம்பாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது?

திரும்பி வந்த முட்டையையாவது தின்றாளா என்றால் அதுவும் இல்லை. முட்டையோடு ஒரு தட்டு கச்சாயமும் வந்திருந்தது. அந்தத் தட்டு வெறுமனே போகுமா? மிச்சமிருந்த ராகி அதற்குப் போயிற்று. கச்சாயம் ஊசிப்போய்விடுமே என்று முதலில் அதைத் தின்றாள். முட்டைதான், வேக வைத்த ஐந்தும் அட்டையிலிருந்த உடைசலும் சேர்ந்து, ஊசிப்போயிற்று.

இருபதாம் நாள் கையில் மிச்சம் எண்பது ரூபாய். அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"இதுக்குப் போயி அழுவாங்களா?" என்றார் அம்மா. "ஒண்ணுமில்லாதப்ப ஒரு சிட்டிகை சக்கரை போட்டு அனுப்பறது. வெறும் போசி ஆகாது. சாத்திரத்துக்குச் சக்கரை போதும்."

இருபது நாளும் இந்த ஒரு வரி தெரியாமல் போயிற்றே! இலக்கியா குண்டானைத் தேய்த்துக் கழுவி, நடுவில் ஒரு சிட்டிகை சர்க்கரையைத் தூவி, துள்ளாத குறையாகத் தானே கீழே எடுத்துப் போனாள்.

படியிறங்கும்போதே கிடாய் 'ம்மே' என்று கத்திக்கொண்டு முன்னங்காலைத் தூக்கி நின்றது. அது இப்போது பழைய கிடாய் இல்லை. முதுகு பலகை மாதிரி அகன்று, தோல் மினுங்கி, படிக்கட்டையே பாதி அடைத்துக்கொண்டு நின்றது. இலக்கியாவுக்கு எரிச்சலாக வந்தது. இதற்கு நோட்டும் இல்லை, திட்டமும் இல்லை, சும்மா நின்ற இடத்திலேயே கொழுக்கிறது. நாமும்தான் இருக்கிறோம்.

"போ அக்கட்ட! கீரை இல்லை எங்கிட்ட."

கிடாய் குண்டானுக்குள் தலையை விட்டது. சர்க்கரையை ஒரே நக்கு நக்கிவிட்டு, இன்னும் எங்கே என்பது போல அவள் முகத்தைப் பார்த்தது.

வசந்தாமணி வெளியே வந்தார். குண்டானைப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று.

"ஏஞ்சாமி, மேலுக்குச் சரியில்லையா? எங்க மேல ஏதாச்சும் கோவமா?"

"அய்யய்யோ, அதெல்லாம் இல்லீங்கம்மா."

"நோம்பிக்கு இன்னும் ரெண்டு வாரந்தான். அது வரைக்குமாவது கையை உட்டுறாத சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்." கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. உள்ளே போய் ஒரு கை முறுக்கை எடுத்து வந்து அதே குண்டானில் போட்டுக் கொடுத்தார்.

நோன்பு வரைக்கும் சென்னிமலையின் சர்க்கரை குறைய வேண்டும் என்று ஏதோ வேண்டுதல் போல என்று இலக்கியா புரிந்துகொண்டாள். ஒரு உயிர் தன்னை நம்பி இருக்கிறது. அது பொய்யில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. மைதிலியிடம் முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்கினாள். ராகி வாங்கினாள். கொள்ளு வாங்கினாள். கடைசி பத்து நாளும் காலை முறுக்கு, மத்தியானம் கச்சாயம், இரவு மறுபடியும் முறுக்கு என்று அவளுக்கு ஓடிற்று. கீழே மட்டும் வேளை தவறாமல் சத்துணவு போயிற்று.

அப்பா வருவதற்கு முந்தின நாள் நர்ஸ் மறுபடியும் விரலைக் குத்தினார்.

"எட்டு புள்ளி நாலு."

"ஒரு மாசம் இரும்புச் சத்துத் திட்டம் போட்டு ஒரு புள்ளி குறைச்சிருக்க," என்றாள் மைதிலி. "புஸ்தகத்துல இருந்து மயங்கி விழறது வரைக்கும் எல்லாத்துலயும் நீதான்டி முதல் மார்க்."

இலக்கியா சிரிக்கவில்லை. ராத்திரி பூரா அழுதாள். மருதாசலம் பையன் போட்டோவில்கூட வாயைத் திறந்து வைத்திருப்பான். அவனுக்குக் காலம் பூராவும் களி கிண்டிப் போடுவதா? மூன்றாம் ஆண்டில் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் கோயமுத்தூர் போக வேண்டும் என்று ஒரு ஆசை வைத்திருந்தாள். அதை நினைத்துத்தான் அழுதாள்.

செங்கோடன் சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், அக்கம் பக்கம் பார்க்காமல் நேரே மாடியேறி வந்தார். 'நல்லா இருக்கறியா' என்றுகூடக் கேட்கவில்லை. வாசல் வெளிச்சம், முகவாய், கட்டை விரல்.

 இமையை விட்டுவிட்டு அவள் தலையைத் தடவினார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"இன்னும் வெளுத்துப் போச்சு சாமி. துணிமணியை எடுத்து வெய்யி."

"அப்பா, நான் நல்லாத்தானுங்கப்பா சமைச்சேன். நோட்டைப் பாருங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்கறேன்."

"நோட்டுல இருக்கற ராகி ரத்தமாகுமா? போனது போகட்டும். படிப்பு நமக்கு ஒத்துவரலீன்னு நெனச்சுக்க."

மைதிலி பெட்டியைத் தூக்க உதவினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று பேரும் படியிறங்கினார்கள். செங்கோடன்தான் முன்னால். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று வந்தவர், கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

எதிரே கிடாய்.

செங்கோடன் மகளை மறந்தார். பெட்டியை மறந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிடாயைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையில் எலும்பு தட்டுப்படவே இல்லை. வாயைப் பிளந்து பல் பார்த்தார். கடைசியாக முகவாயைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தார். உள் இமை செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.

"அடேங்கப்பா!" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து இலக்கியா கேட்டதே இல்லை.

சத்தம் கேட்டு வசந்தாமணியும் சென்னிமலையும் வெளியே வந்தார்கள். சாலம்மாள் கையில் விளக்கின குண்டானோடு பின்னாலேயே எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம மேச்சேரிச் சாதிக் கிடாயுங்களே! என்ன வெலை சொல்றீங்க?"

"நேந்து உட்டதுங்க," என்றார் சென்னிமலை. "வெலைக்கு இல்லீங்க."

"போன மாசம் நான் வந்தப்ப இங்க ஒரு சொங்கி நின்னுச்சே?"

"அதேதானுங்க இது."

"அட, வெளையாடாதீங்க! அது கருப்பணார் கோயல் வரைக்கும் நடந்து போயிருக்காதுங்க. முப்பது வருசமா ஆட்டுக்குள்ளயே கெடக்கறேன், ஒரு மாசத்துல இப்படித் தேத்துன ஆளை நான் பாத்ததில்லை. இது சும்மா புல்லுல வந்த ஒடம்பு இல்லீங்க. யாரோ வெவரமான ஆள் ராகி எத்தனை, கொள்ளு எத்தனை, கீரை எத்தனைன்னு அளந்து போட்ட தீவனமுங்க. யாருங்க எழுதிக் குடுத்தது? டாக்டருங்களா?"

சென்னிமலை வசந்தாமணியைப் பார்த்தார். வசந்தாமணி முருங்கை மரத்தைப் பார்த்தார். மரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. கீரை ஒடித்து ஒடித்து மரம் முழுக்க மொட்டை.

"அதுங்க... அது என்னமோ தானாத் தேறிக்கிச்சுங்க," என்று இழுத்தார் வசந்தாமணி.

"சொல்ல இஷ்டமில்லீன்னா உடுங்க, தொழில் ரகசியம். ஆனா ஒண்ணு சொல்றேன். அந்த ஆள் எந்தக் காலேசுல படிச்சாரோ, காடு கரையை வித்தாவது எம்மட புள்ளையை அங்க சேத்தியிருப்பேன். இதுவும் படிக்குதே ரெண்டு வருசமா, அதும் ஒடம்பையே அதுக்குத் தேத்தத் தெரியலை!" என்று சொல்லிவிட்டு, ஆற்றாமையோடு மகளின் பெட்டியை வாங்கக் கையை நீட்டினார்.

இதற்கு மேல் சாலம்மாளுக்கு அடக்க முடியவில்லை. கையிலிருந்த குண்டானைக் கண்டதும் கிடாய் வேறு 'ம்மே' என்று கயிற்றை இழுத்தது.

"வேற எந்தக் காலேசுலீங்க கொண்டுபோயிச் சேக்கறீங்க? அத்தனையும் உங்க புள்ளை ஆக்கி அனுப்புனதுதானுங்க. ஊட்டுல ஒருத்தரும் அதை வாயில வெக்கலீங்க, இந்தக் கிடாய் ஒருத்தன்தான் ஒரு பருக்கை உடாமத் தின்னான், அதுக்காகத்தான் அம்மா ரெண்டு முறுக்கைப் போட்டுத் தினமும் இந்தக் குண்டானை மேல அனுப்பிக்கிட்டே இருந்தாங்க!"